நீரறிந்தவனுக்கு லைசென்ஸ்

ஹோசூர்த் தொழிற்சாலையொன்றின் வாயிலில் வேலை கேட்டு வரும் வாலிபனிடம் முதலில் கேட்கப்படுவது சான்றிதழாகும். ஐ.டி.ஐ.யில் பிட்டராகவோ டர்னராகவோ பயின்று அவன் பெற்ற சான்றிதழ் அவனுடைய சொந்தப் பெயரில் இருக்கிறது. இந்த முதலாளியை விட்டு அடுத்த முதலாளியிடம் போனாலும் அது செல்லும். அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டிப் பெங்களூருக்குப் போனாலும் செல்லும். அதே எல்லையில் இரவும் பகலும் லாரி ஓட்டிச் செல்பவனுக்கும் லைசென்ஸ் உண்டு. 1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின்படி ஒரு ராஜ்யத்தில் வழங்கப்பட்ட அது இந்தியா முழுவதும் மதிக்கப்படுகிறது. ஆனால் இதே ஜில்லாவின் எல்லையில் ஓடும் காவேரியில் மனிதரை ஏற்றிச் செல்பவனுடைய நிலை வேறு. தூண்டில் விளையாட்டுக்கு வருவோரைக் கடலுக்குள் அழைத்துச் செல்லும் மீனவனுடைய நிலை அதனினும் மோசம். “இவன் நீரை அறிந்தவன், இவனை நம்பிப் படகேறலாம்” என்று கூறும் சான்று, அவன் பெயரில், எங்கும் செல்லத்தக்கதாக, நம் ராஜ்யத்தில் இல்லை. இக்குறையைப் பற்றியே இன்று எழுத விரும்புகிறோம்.

கடலில்லாத ஜில்லாவிலிருந்து கடற்பேச்சு எதற்கு என்று நேயர்களிற் சிலர் கேட்கலாம். 1980-ஆம் வருஷத்தையொட்டி ஹோசூரில் பெருந்தொழிற்சாலைகள் எழும்பின. 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூரும் பன்மடங்கு பெருகியது. மாதச் சம்பளமும் வார விடுமுறையும் உடைய ஜனத்தொகை ஒன்று இங்கே உண்டாயிற்று. விடுமுறை நாளில் நீரைத் தேடிச் செல்வது அவர்களுடைய இயல்பு. அவர்களிற் சிலர் தூண்டிற்கோலும் கையுமாகச் செல்கின்றனர். சிலர் பழவேற்காட்டுக்கும் ராமேசுவரத்துக்கும் போய்ப் படகேறுகின்றனர். படகேறும் மனிதனுடைய உயிரும் படகோட்டும் மனிதனுடைய பிழைப்பும் ஒரே பலகையின்மீது இருக்கின்றன. ஆதலின் ஒருவனுக்குக் காவலாக அமையும் சட்டம் மற்றவனுக்கும் காவலாக அமைய வேண்டும்.

ஆறு கற்பித்த பாடம்

கடலுக்குப் போகுமுன் நம் வாயிலிலேயே நடந்ததைப் பார்ப்போம். மேகதாட்டுவுக்கு மேலும் கீழும் காவேரியின் ஆழ்ந்த மடுக்களில் மஹசீர் என்னும் பெருங்கெண்டை வாழ்கிறது. உலகெங்குமிருந்து தூண்டில்காரர்கள் இதைத் தேடி வந்தார்கள். கர்நாடகக் கரையில் பீமேஸ்வரி, காலிபோரே முதலிய இடங்களில் அவர்களுக்கென முகாம்கள் இருந்தன. பிடித்த மீனை நிறுத்துப் பார்த்து, கணக்கெழுதி, உயிருடன் ஆற்றிலேயே விட்டுவிடுவது அங்கு விதியாக இருந்தது. விருந்தினர்க்கு வழிகாட்டியவர்கள் ஆற்றங்கரைக் கிராமங்களைச் சேர்ந்தவர்கள். அவர்களிற் சிலர் முன்னே வெடி வைத்தும் வலை வீசியும் இதே மீனைப் பிடித்தவர்கள் என்பது பலரும் எழுதியுள்ள செய்தி. நீரில் வெடி வைத்து மீன் கொல்வதை 1897-ஆம் வருஷத்து இந்திய மீன்பிடிச் சட்டமே குற்றமாக்கியிருந்தது. அச்சட்டம் பல்லாண்டுகளாகச் சாதிக்க முடியாததை, வழிகாட்டி என்ற மதிப்பும் ஒழுங்கான கூலியும் சில ஆண்டுகளில் சாதித்தன.

இம்மனிதர்களுடைய அறிவு வீண்போகவில்லை. முகாம் ஒன்றில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த கணக்கு பின்னர் விஞ்ஞானிகளின் கைக்கு வந்தது. காவேரிக்கே உரிய திமில் மஹசீர் குறைந்துவருவதையும், வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட வேறொரு ஜாதி பெருகிவருவதையும் அது காட்டிற்று. 2018-இல் திமில் மஹசீருக்குச் சரியான சாஸ்திரீயப் பெயர் நிச்சயமாயிற்று. அவ்வாண்டே அது அழிவின் விளிம்பிலுள்ள உயிரினமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அக்கணக்கிலுள்ள ஒவ்வொரு மீனுக்குப் பின்னும், அது எந்தப் பாறையடியில் எந்த வேளையில் நிற்கும் என்று காட்டிய கிராமத்து மனிதன் ஒருவன் இருந்தான்.

அவன் கதி என்னவாயிற்று? அப்பகுதி 1987 முதலே வனவிலங்குச் சரணாலயமாகும். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சரணாலயத்துக்குள் தூண்டில் விளையாட்டு கூடாது என்று தீர்மானமாயிற்று; முகாம்களில் தூண்டில்கள் ஓய்ந்தன. நம் பக்கத்திலும் 2014-இல் 504 சதுர கிலோமீட்டர் அளவில் காவேரி வடக்குச் சரணாலயமும், 2022-இல் 686 சதுர கிலோமீட்டர் அளவில் காவேரி தெற்குச் சரணாலயமும் கிருஷ்ணகிரி, தருமபுரி ஜில்லாக்களில் அமைந்தன. இச்சரணாலயங்களை நாம் குறை கூறவில்லை. யானைக்கும் நீர்நாய்க்கும் மஹசீருக்கும் அவை அவசியமே. ஆனால் ஆற்றில் மீன் பிடிக்கும் உரிமை சங்கத்திடமும் அரசாங்க நிறுவனத்திடமும் இருந்தது. வழிகாட்டியிடம் இருந்தது தினக்கூலியும் மாதச் சம்பளமுமே. தூண்டில் ஓய்ந்ததும் அவனுடைய இருபதாண்டு அறிவைச் சொல்லும் ஒரு துண்டுக் காகிதமும் அவனிடம் இல்லை. ஆலை மூடினால் பிட்டர் தன் சான்றிதழோடு வேறு ஆலைக்குப் போவான். இவன் எதைக் கொண்டு, எங்கே போவான்?

நடு ஆற்றில் எல்லை

ஒகேனக்கல் பரிசல்காரருக்கு லைசென்ஸ் உண்டு என்பது உண்மை. உள்ளூர் நிர்வாகம் அதை வழங்குகிறது; லைப் ஜாக்கட் என்னும் மிதவைச் சட்டையை அணிவித்தே ஆட்களை ஏற்ற வேண்டும் என்கிறது; நீர்வரத்து மிகும்போது பரிசல் ஓட்டத்தை நிறுத்துகிறது. இவ்வொழுங்கு வேண்டியதே. 2015-இல் அங்கே பரிசல் கவிழ்ந்து சென்னையிலிருந்து வந்திருந்த குடும்பத்தார் நீரில் மாண்டதை யாரும் மறந்திருக்க முடியாது. எனினும் இந்த லைசென்ஸ் ஒரு கரையின் அனுமதியே. அக்கரையிலும் பரிசல் ஓட்டிப் பிழைப்போர் இருக்கின்றனர். ராஜ்யங்களின் எல்லையோ நடு ஆற்றில் ஓடுகிறது. சுழிக்கும் பாறைக்கும் எல்லை தெரியாது. இக்கரையில் தேர்ந்தவன் அக்கரையில் தேராதவனாகிவிடுவதற்கு நியாயம் ஒன்றையும் காணோம்.

ஆற்றின் மேற்புறத்தில் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தின் அளவு நிலையம் இருக்கிறது. 2018-ஆம் வருஷத்து சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி நமக்கு வரவேண்டிய 177.25 டி.எம்.சி. தண்ணீர் அங்கேதான் அளக்கப்படுகிறது. நீரை இவ்வளவு நுட்பமாக அளக்கும் இரண்டு சர்க்கார்களும் ஒன்றுசேர்ந்து, அந்நீரின்மேல் ஆட்களை ஏற்றிச் செல்பவனுடைய திறமையையும் ஒருமுறை அளந்து, இரு கரைக்கும் பொதுவான சான்று வழங்குதல் அத்தனை கடினமான காரியமா?

கடலின் நிலை

இனிக் கடலுக்கு வருவோம். 1983-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் மீன்பிடிப் படகுக்குப் பதிவும் லைசென்ஸும் விதிக்கிறது. எந்தப் படகு எங்கே பிடிக்கலாம், எந்தக் காலத்தில் பிடிக்கலாகாது என்றெல்லாம் விவரமாகக் கூறுகிறது. 2008-ஆம் வருஷத்துப் பம்பாய்த் தாக்குதலுக்குப் பின்னர் மீனவருக்குக் கைரேகை பதித்த அடையாள அட்டைகளும் வழங்கப்பட்டன. ஆக, படகு எது, மீனவன் யார் என்பன சர்க்காருக்குத் தெரியும். ஆனால் அவன் கூலிக்கு மனிதரை ஏற்றிச் செல்லத் தகுந்தவனா என்ற கேள்வியை இவற்றுள் எதுவும் கேட்பதில்லை. மீன்பிடி லைசென்ஸ் மீனைப் பற்றியது. ஏறிவரும் விருந்தினனைப் பற்றியதன்று.

கேளாத கேள்விக்கு விலை கொடுத்திருக்கிறோம். 2011 டிசம்பர் 25-ஆம் தேதி, கிறிஸ்துமஸ் பண்டிகையன்று, பழவேற்காட்டில் உல்லாசமாகப் படகேறிச் சென்றவர்களில் 22 பேர் மாண்டனர். 2023 மே 7-ஆம் தேதி கேரளத்தில் தானூர் அருகே மீன்பிடிப் படகொன்றை மாற்றியமைத்து உல்லாசப் படகாக்கியது கவிழ்ந்து 22 உயிர்கள் போயின. இத்தகைய விபத்து நேர்ந்ததும் நம் அதிகாரிகள் செய்வது ஒன்றே: தடை. தடை சில காலம் நிற்கும், பிறகு தளரும். வருவோர் வந்துகொண்டே இருப்பர். ஏற்றுவோர் மறைவாக ஏற்றுவர். மறைவாக நடக்கும் தொழிலில் மிதவைச் சட்டை எத்தனை என்று எண்ணுவார் யார்?

ஆற்று நீருக்கும் உப்பங்கழிக்கும் சட்டமே இல்லை என்று கூறமாட்டோம். 2021-ஆம் வருஷத்து உள்நாட்டுக் கலங்கள் சட்டம், இயந்திரம் பூட்டிய கலத்துக்குப் பரிசோதனையும் பதிவும் இன்ஷூரன்ஸும், அதை நடத்துவோனுக்குத் தகுதிச் சான்றும் வேண்டுமென்கிறது. கோவாவில் 1990 முதல் நடந்துவரும் தேசிய நீர்விளையாட்டுக் கழகம் விசைப்படகு ஓட்டுதலையும் உயிர்காத்தலையும் கற்பிக்கிறது. ஆனால் பாம்பன் மீனவன் தன் பிழைப்பை விட்டுக் கோவா சென்று பயின்று வருவது எப்படி?

அமெரிக்கா கேட்கும் கேள்வி

இத்தொழில் நெடுநாளாக வேரூன்றிய தேசம் அமெரிக்க ஐக்கிய நாடுகள். அங்கே தூண்டில் வழிகாட்டி ஒருவன் தனியாகத் தொழில் நடத்தலாம். ஆனால் இயந்திரப் படகில் கூலி வாங்கிக்கொண்டு ஒருவரை ஏற்றினாலும் கடலோரக் காவற்படையின் லைசென்ஸ் அவசியம். ஆறு பேர் வரை ஏற்றுவதற்கான ஆரம்ப லைசென்ஸுக்கு விண்ணப்பிப்பவனை நோக்கி அவர்கள் கேட்கும் முக்கியமான கேள்வி, எத்தனை நாள் படகில் இருந்தாய் என்பதே. 360 நாள் அனுபவம் வேண்டும். அதில் 90 நாளாவது கடைசி மூன்று வருஷத்துக்குள் இருக்க வேண்டும். தன் சொந்தப் படகிலேயே அந்நாட்களைக் கழித்திருந்தால், படகு தன்னுடையதென்று ருஜுப்படுத்தித் தானே கையொப்பமிட்டுக் கணக்குக் கொடுக்கலாம். பிறர் படகானால் அதன் சொந்தக்காரன் கையொப்பமிட வேண்டும். அதன்மேல் வைத்தியப் பரீக்ஷை, போதைப்பொருள் பரீக்ஷை, முதலுதவிப் பயிற்சி, கடல்வழி விதிகளில் தேர்வு ஆகியவை உண்டு. மீன் பிடிப்பதற்கான லைசென்ஸ் வேறு. அது ராஜ்யந்தோறும் வேறுபடும். ப்ளோரிடாவில் வழிகாட்டி தன் படகுக்கு லைசென்ஸ் பெற்றுவிட்டால், அதில் வரும் விருந்தினர் தனித்தனியே மீன்பிடி லைசென்ஸ் எடுக்க வேண்டியதில்லை.

அமெரிக்கர் செய்வதையெல்லாம் நாமும் செய்ய வேண்டும் என்பது நம் கட்சியன்று. ஆனால் அவர்களுடைய முதற்கேள்வி நம் மீனவனுக்கு எவ்வளவு அனுகூலமானது என்பதை நோக்குங்கள். 360 நாள் என்பது அவனுக்கு எம்மாத்திரம்! பத்து வயதில் தகப்பனோடு கட்டுமரம் ஏறியவன் அவன். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிவான். நீவாட்டின் திசையை நீரின் நிறத்தைக் கண்டு கூறுவான். பாறை மீன் எங்கே கூடும், கொடுவா எந்த ஓதத்தில் முகத்துவாரத்துக்கு வரும் என்பதை உணர்வான். நீரில் கழித்த நாளை அளவுகோலாகக் கொண்டால் நம் கரையில் அவனுக்கு மிஞ்சினவர் இல்லை. பள்ளி இறுதிச் சான்றிதழையும் ஆங்கிலப் பரீக்ஷையையும் அளவுகோலாகக் கொண்டாலோ, நகரத்திலிருந்து மூலதனத்தோடு வருபவன் வழிகாட்டியாவான். நீரறிந்தவன் அவனிடம் கூலியாளாவான். காவேரி முகாம்களில் நடந்தது கடலிலும் நடக்கும்.

ராஜாஜியின் ஆட்சேபம்

லைசென்ஸ் என்ற சொல்லைக் கேட்டதும் நம்மவர் முகஞ்சுளிப்பதற்குக் காரணம் உண்டு. ஹோசூருக்கு அடுத்த தொரப்பள்ளியில் 1878-இல் பிறந்த ராஜாஜி, 1930-இல் திருச்சியிலிருந்து தொண்டர் படையோடு நடந்து வேதாரண்யம் சென்று, சர்க்கார் அனுமதியின்றி உப்பு அள்ளிச் சிறை புகுந்தார். ஹோசூருக்கும் உப்பு நீருக்கும் உள்ள உறவு அன்றே ஏற்பட்டது எனலாம். சுதந்திரத்திற்குப் பின்னரும் லைசென்ஸ், பெர்மிட், கோட்டா ராஜ்யம் என்று கண்டித்து, 1959-இல் புதுக் கட்சியே கண்டவர் அவர். இன்னொரு லைசென்ஸா, இன்னொரு மேஜையா, இன்னொரு கைநீட்டலா என்று அவர் கேட்டிருப்பார். அக்கேள்விக்கு விடை கூறாமல் இவ்விஷயத்தில் ஓரடியும் எடுத்துவைக்கலாகாது.

நம் விடை இது. உப்புச் சட்டம் கடல் இலவசமாகக் கொடுத்ததை ஏழையிடமிருந்து பறித்துச் சர்க்காரின் ஏகபோகமாக்கியது. பெர்மிட் ராஜ்யம் இத்தனை பேருக்குத்தான் என்று எண்ணிக்கை வைத்து, உள்ளே இருப்பவனைப் போட்டியிலிருந்து காத்தது. இவ்விரண்டும் உரிமையைக் குறுக்குபவை. தகுதிச் சான்று என்பது அவ்வகையைச் சேர்ந்ததன்று. எண்ணிக்கை வரம்பு கூடாது, ஏலம் கூடாது, தகுதியுள்ள எவனுக்கும் மறுக்கப்படலாகாது. டாக்டருக்கும் டிரைவருக்கும் அளிப்பது போன்றதே அது. எண்ணிக்கை வைத்து ஏலம் விடும் லைசென்ஸாக அது வருமானால் முதலில் எதிர்ப்பவர் நாமாகவே இருப்போம்.

செய்ய வேண்டியவை

முதலாவது, சான்று மனிதனுடைய பெயரில் இருக்க வேண்டும். கம்பெனியின் பெயரிலோ குத்தகைக்காரனுடைய பெயரிலோ இருக்கலாகாது. முதலாளி மாறினாலும் முகாம் மூடினாலும் அது அவனோடு போக வேண்டும்.

இரண்டாவது, நீரில் கழித்த நாட்களே முதல் தகுதியாக வேண்டும். அதற்கு மீனவர் கூட்டுறவுச் சங்கம் சாட்சி கூறட்டும். பரீக்ஷை தமிழில், வாய்மொழியாகவும் செய்கைமுறையாகவும், அவனவன் கரையிலேயே நடைபெறட்டும். கைத்தேர்ச்சி உள்ளவனுக்கு முன்னறிவைச் சோதித்துச் சான்றளிக்கும் முறை 2015-இல் தொடங்கிய பிரதம மந்திரி திறன் வளர்ச்சித் திட்டத்திலேயே உண்டு. புதிய இலாகா ஒன்றைச் சிருஷ்டிக்க வேண்டியதில்லை.

மூன்றாவது, அவன் அறிந்ததற்குச் சான்றளிக்கும் சர்க்கார், அவன் அறியாததைக் கற்பிக்கவும் வேண்டும். நீரில் மூழ்கியவனுக்கு மூச்சூட்டும் முதலுதவி, கம்பியில்லாச் செய்தி, படகின் சுமை வரம்பு ஆகியவை அவற்றிற் சில. சட்டமும் அவற்றுள் ஒன்று. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல் தேசியப் பூங்காவாகும். பாக் விரிகுடாவில் 2022-இல் கடற்பசுவுக்கென 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் காப்பகம் அமைந்திருக்கிறது. ராமேசுவரத்துக்கு அப்பால் 1974-ஆம் வருஷத்து ஒப்பந்தம் வகுத்த சர்வதேச எல்லைக்கோடு இருக்கிறது. விருந்தினனின் ஆசைக்கு இணங்கி இவற்றுள் ஒன்றைத் தாண்டுபவன் படகையும் இழப்பான், சிறையும் புகுவான். இவற்றைக் கற்பிக்காமல் தண்டிப்பது தர்மமன்று.

நான்காவது, கட்டணம் ஒருநாள் கூலிக்கு மேற்படலாகாது. விண்ணப்பத்திற்கு இத்தனை நாளில் விடை என்ற கெடுவும் வேண்டும். கெடு தவறினால் அதிகாரி பதில் சொல்லட்டும். லஞ்சம் வளர்வது காலதாமதத்திலேதான்.

ஐந்தாவது, காவேரியில் தமிழ்நாடும் கர்நாடகமும் ஒன்றின் சான்றை மற்றொன்று ஏற்க வேண்டும். சரணாலயத்தால் பிழைப்பிழந்த ஆற்று வழிகாட்டிகளை வனக் காவலுக்கும், மீன் கணக்கெடுப்புக்கும், அனுமதியுள்ள பிற நீர்நிலைகளில் வழிகாட்டவும் இச்சான்றைக் கொண்டே அமர்த்த வேண்டும்.

இது சிலருடைய பொழுதுபோக்கைப் பற்றிய அற்ப விஷயம் என்று தேசத் தொண்டர்கள் ஒதுக்கிவிடலாகாது. படகேறுபவனுக்கு இது பொழுதுபோக்கு; ஓட்டுபவனுக்கோ வயிறு. மீன் குறைந்து, டீசல் விலை ஏறி, எல்லையில் சிறைப்படும் அச்சமும் சேர்ந்த இக்காலத்தில், கரைக்கு அருகேயே கௌரவமாகப் பிழைக்க மீனவனுக்குத் திறந்துள்ள வழிகள் மிகச் சில. அவ்வழிகளில் இதுவும் ஒன்று. அவனை அறியாமல் சட்டம் இயற்றினால் அதுவும் அடைபடும்.

கடற்கரை ஊர்களின் மீனவர் சங்கங்கள் இக்கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றிச் சட்டசபை அங்கத்தினரிடம் சேர்ப்பிக்கட்டும். ஹோசூரிலும் பெங்களூரிலுமிருந்து தூண்டிலோடு செல்வோருக்கும் ஒரு கடமை உண்டு. படகேறுமுன் மிதவைச் சட்டையைக் கேளுங்கள். அது இல்லாவிடில் ஏறாதீர்கள். உங்களைக் கரைசேர்த்தவனுக்குக் கூலியோடு நில்லாமல், அவன் திறமையைச் சர்க்கார் எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டுமென்று குரல் கொடுங்கள். தொழிற்சாலையில் சான்றிதழின் மதிப்பை அன்றாடம் காண்பவர்கள் நீங்கள். உங்கள் உயிரைக் கையில் ஏந்திச் செல்பவனுக்கும் அதே மதிப்பு உரியது என்பதை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.